வண்டியின் தளம் இத்துப் போனால்

(வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் வானொலியில் நிகழ்த்திய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை நேர்த்தி, உரமிடுதல், பூச்சி, நோய் என்று ஏதாவது ஒன்றைப் பற்றி உங்களோடு பேசுவேன். இன்றைக்கு வண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். "என்னங்க இது, பயிருக்கு வைத்தியம் சொல்றவர் பட்டறை வைக்கக் கிளம்பிட்டாரா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் பறித்த தக்காளி நேரத்தோடு சந்தைக்குப் போய்ச் சேராவிட்டால் மாதக்கணக்கில் பட்ட பாடு என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் மாடு எப்படியோ, இந்தக் காலத்தில் வண்டி அப்படி. மாட்டுக்குக் குளம்பில் புண் வந்தால் அன்றைக்கே குனிந்து பார்க்கிறோம். வண்டிக்கு அடியில் வருகிற புண்ணை யார் குனிந்து பார்க்கிறார்கள்?

நான் சொல்ல வருவது, 'குட்டியானை' என்று நம் ஜனங்கள் செல்லமாகக் கூப்பிடுகிற நாலு சக்கரச் சிறு சரக்கு வண்டியைப் பற்றி. போகும்போது காய்கறி ஏற்றிக்கொண்டு போகும். வரும்போது உரம் ஏற்றிக்கொண்டு வரும். அதன் தளம், அதாவது டிரைவர் கால் வைக்கிற கேபின் தரையும், மூட்டை அடுக்குகிற பாடித் தரையும் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் என்ன செய்வது? 'எஃப்.சி.' என்று நாம் சொல்கிற தகுதிச் சான்றுக்குப் போவதற்கு முன்னால் அதை எப்படி ஒழுங்காகச் சரிசெய்வது? இதுதான் இன்றைய பேச்சு. டிராக்டர் டிரெய்லர் வைத்திருப்பவர்களும் காது கொடுத்துக் கேளுங்கள். எந்த வண்டியில் இருந்தாலும் இரும்பு இரும்புதான்.

ஓட்டைச் சட்டியும் கொழுக்கட்டையும்

2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், ஒட்டன்சத்திரம் பக்கத்தில் தக்காளியும் முருங்கையும் வைத்திருக்கிறார். அவரிடம் 2013-ல் வாங்கிய ஒரு சரக்கு வண்டி இருந்தது. அன்று சாயங்காலம் லேசான தூறல். களத்தில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஏற்றுக்கூலிக்கு வந்த பையனுக்குப் பத்தொன்பது வயசு இருக்கும். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாடியின் மூலையில் கால் வைத்தான். 'படக்' என்று ஒரு சத்தம். பையன் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டான். தக்காளி நாலா பக்கமும் உருண்டது. காலை மேலே இழுக்கவும் முடியவில்லை. கிழிந்த தகட்டின் முனை கெண்டைக்கால் சதையில் ஏறியிருந்தது. இரண்டு பேர் அடியில் படுத்துத் தகட்டை வளைத்துப் பிடிக்க, மெதுவாகக் காலை எடுத்தோம். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள். பிழைத்தான். ஆனால் அந்தப் பருவம் முழுக்க அவனால் மூட்டை தூக்க முடியவில்லை.

திரும்பி வந்து தளத்தில் விரித்திருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். பழைய எண்ணெய் டின்னை வெட்டி எடுத்த தகரம். அதைத் துருவின் மேலேயே ஆணி முடுக்கி, மேலே தார் பூசி வைத்திருந்தது.

"அண்ணே, இது எப்ப வச்சது?"

"போன வருஷம், எஃப்.சி.க்கு முன்னாடி வச்சது, தம்பி. ஓட்டைச் சட்டியா இருந்தாலும் கொழுக்கட்டை வெந்தாச் சரின்னு நினைச்சிட்டேன்."

கொழுக்கட்டை வெந்தது என்னவோ உண்மைதான். சான்றும் கிடைத்தது. ஆனால் அந்த ஓட்டையில் இறங்கியது ஒரு ஏழைப் பையனின் கால்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முந்தின இரண்டு பருவமும் அந்த வண்டியில் பொட்டாஷ் மூட்டைகள் வந்திருந்தன. அவற்றில் சில மூட்டைகள் நான் அமைத்த செயல் விளக்கத் திடலுக்காக வந்தவை. பொட்டாஷை எப்போது இட வேண்டும், எவ்வளவு இட வேண்டும் என்று மணிக்கணக்காகப் பேசிய நான், "மூட்டையை இறக்கினதும் வண்டியைக் கழுவிடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அறிவியல் படித்தவன் நான், சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கடனைத்தான் இன்றைக்கு உங்களிடம் தீர்க்கிறேன்.

உரம் இரும்புக்கு எமன்

துரு என்பது என்ன? இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயு, ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு இல்லை. பெயிண்ட் அடிப்பதெல்லாம் காற்றையும் ஈரத்தையும் இரும்பிடம் அண்டவிடாமல் தடுக்கத்தான். துருப்பிடிப்பது ஒரு சின்ன மின்கலம் வேலை செய்வதைப் போன்றது. வெறும் தண்ணீரை விட உப்புக் கலந்த தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடும். அதனால் உப்பு சேர்ந்தால் துரு வேகமாக ஏறும். வேதாரண்யம் உப்பளப் பக்கம் போய்ப் பாருங்கள். புதுக் கதவுக் கீல் கூடச் சீக்கிரத்தில் சிவந்து போகும்.

நாம் கடலோரத்தில் இல்லையே என்கிறீர்களா? நாம்தான் உப்பை மூட்டை மூட்டையாக ஏற்றி வருகிறோமே! நாம் வாங்குகிற பொட்டாஷ் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பில் இருக்கிற அதே குளோரைடு அதிலும் இருக்கிறது. அம்மோனியம் சல்ஃபேட் ஈரம் பட்டால் புளிப்புத் தன்மை காட்டும். யூரியா காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மூட்டையின் தையலிலிருந்து ஒரு பிடி சிந்தி, தளத்தின் மடிப்பில் தங்கினால் போதும். மேலே ரப்பர் விரிப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம். ஈரம் காயவே காயாது. சாணி எரு, ஈர வைக்கோல், அழுகின காய்ச் சாறு எல்லாமே இந்தக் கூட்டாளிகள்தான்.

அலுமினியப் பாத்திரத்தின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகும். அது உள்ளே இருக்கிற உலோகத்தைக் காப்பாற்றும். இரும்பின் துரு அப்படி இல்லை. அது பொரபொரவென்று இருக்கும், ஈரத்தைக் குடிக்கும், உதிரும், அடுத்த அடுக்குக்கு வழிவிடும். அதோடு, தின்ற இரும்பை விடத் துரு அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் துரு ஏறிய தகடு அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வருகிறது.

இப்போது அண்ணன் வைத்த ஒட்டு ஏன் தாங்கவில்லை என்று உங்களுக்கே புரியும். துருவின் மேல் தகரம் வைத்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் ஒரு சொட்டு நீர் விட்டால் அது எப்படிப் பரவி நிற்குமோ, அப்படியே மழைத் தண்ணீர் அந்தச் சந்தில் பரவி நிற்கும். மேலே பூசிய தார் தண்ணீர் உள்ளே போவதை முழுக்கத் தடுப்பதில்லை; ஆனால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராமல் தடுத்துவிடும். துரு உப்ப உப்ப ஆணிகள் கழன்றுவரும். மேலே பார்த்தால் பளபளவென்று கறுப்பு. உள்ளே ஒன்றும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. நல்ல தகடு எது, இத்த தகடு எது என்று தெரியாமல் போய்விடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. ஓட்டை கண்ணுக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பையன் அங்கே கால் வைத்திருக்க மாட்டான்.

தகுதிச் சான்று யாருக்காக?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டி, செல்லுபடியாகும் பதிவு உள்ள வண்டியாகவே கருதப்படாது. வண்டிக்கு எட்டு வருஷம் ஆகும் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையும், அதற்குப் பிறகு வருஷா வருஷமும் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. இதை வைத்துக்கொண்டு, "சின்ன வண்டிக்கு எஃப்.சி.யும் வேண்டாமாமே" என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. பெர்மிட் வேறு, எஃப்.சி. வேறு. விவசாய டிராக்டர் சரக்கு வண்டிக் கணக்கில் வராது. ஆனால் 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது அதையும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

சான்று இல்லாமல் ஓடி ஒரு விபத்து நடந்தால் அபராதத்தோடு போகாது. இன்சூரன்ஸ் பணத்துக்கும் வில்லங்கம் வரும். ஆனால் நான் சொல்ல வருவது அதை விடச் சின்ன விஷயம். சோதிக்கிற அதிகாரி அந்த வண்டியில் ஏறிப் போகப் போவதில்லை. ஏறிப் போவது நீங்கள், உங்கள் பிள்ளை, உங்கள் கூலியாள். கேபின் தரையில் பிரேக் மிதிக்கிறோம். சீட்டு நிற்பதும், பெல்ட்டின் பிடி நிற்பதும் அந்தத் தகட்டையும் அதன் அடியில் இருக்கிற சட்டங்களையும் நம்பித்தான். அவசரத்தில் ஓங்கிப் பிரேக் மிதிக்கும்போது தரை அமுங்கினால் அப்புறம் சான்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வண்டியை எங்கள் பக்கத்து டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டு போனோம். பட்டறைக்காரர் பெரியவர்; அறுபது வயசுக்கு மேல் இருக்கும். இரண்டு நாள் நானும் கூட நின்றேன். துரு ஏன் வருகிறது என்பது எனக்குத் தெரியும். அதை எப்படி வெளியேற்றுவது என்பது அவருக்குத் தெரியும். அவரிடம் பார்த்ததையும் கேட்டதையும்தான் இனிச் சொல்கிறேன்.

முதலில் விரிப்பையும் சீட்டையும் எடுத்துவிட்டு, தளத்தைக் கழுவி நன்றாக வெயிலில் காயவிட்டார். பிறகு சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு 'ணங்' என்றது. இத்த தகடு 'சொத்'தென்றது. சந்தேகம் வந்த இடத்தில் திருப்புளி முனையை வைத்து அழுத்தினார். உள்ளே இறங்கினால் அது செத்த தகடு. அந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். இருட்டினதும் அடியில் டார்ச் லைட் பிடிக்கச் சொல்லி மேலே இருந்து பார்த்தார். வானத்து நட்சத்திரம் மாதிரிப் பொடிப் பொடியாக வெளிச்சம் வந்தது. அங்கேயும் வட்டம். நாங்கள் ஓட்டை இரண்டு என்று நினைத்தோம். எழுந்தது பதினொரு வட்டம்.

"சார், இது மேல் தகடு. போனாப் போகுது, மாத்திக்கலாம். அடியில இருக்கிற சட்டத்தைப் பாத்தீங்களா? அதுதான் எலும்பு" என்றார். தளத்துக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள் ஓடுகின்றன. அதற்கும் கீழே நீளவாக்கில் சேசிஸ். குறுக்குச் சட்டம் இத்திருந்தால் அதை மாற்றிய பிறகுதான் மேல் தகட்டில் கை வைக்க வேண்டும். சேசிஸிலேயே துரு ஆழமாக ஏறியிருந்தால், அது ஊர்ப் பட்டறை வேலை இல்லை. வண்டி தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் காட்டிக் கேட்காமல் அதில் வெல்டிங் வைக்கக் கூடாது. "இதை என்னால செய்ய முடியாதுன்னு சொல்ற பட்டறைக்காரனை நம்புங்க சார்" என்று அவர் சிரித்தார்.

நெருப்பு வைக்கும் முன்

வெல்டிங் ஆரம்பிக்கும் முன் அவர் செய்த ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இதில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

ஒன்று. பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். இப்போதைய வண்டிகளில் மின்னணுப் பெட்டிகள் இருக்கின்றன. வெல்டிங் மின்சாரம் அதில் பாய்ந்தால் கெட்டுப்போகும். எர்த்து ஒயரையும் வெல்டு வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும்.

இரண்டு. தளத்துக்கு அடியில் பிரேக் பைப், எண்ணெய் பைப், ஒயர்கள் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து, கழற்ற முடிந்ததைக் கழற்றி, முடியாததை ஒதுக்கிக் கட்ட வேண்டும். எரிபொருள் டாங்கி பக்கத்தில் இருந்தால் அதை இறக்கி அப்பால் வைத்துவிட வேண்டும். "காலி டாங்கிதானே" என்பார்கள். காலி டாங்கியில்தான் ஆவி நிறைந்திருக்கும், அதுதான் வெடிக்கும்.

மூன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. கனமான முட்டு கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் அடியில் நுழைய வேண்டும்.

நான்கு. ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், ஒரு ஈரச் சாக்கு பக்கத்தில் இருக்க வேண்டும். மேலே ஒருவர் வெல்டு வைக்கும்போது கீழே ஒருவர் பொறி எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேலை முடிந்தும் அரை மணி நேரம் வண்டியை விட்டு நகரக் கூடாது. பஞ்சிலும் ஒயரிலும் நெருப்பு புகைந்துகொண்டே இருக்கும்.

ஐந்து. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தோலுறை. கதவைத் திறந்து வைத்துத்தான் வெல்டு வைக்க வேண்டும். துத்தநாகப் பூச்சு உள்ள தகடாக இருந்தால் ஓரத்துப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, புகையை மூச்சில் இழுக்காமல் வேலை செய்ய வேண்டும். அந்தப் புகை உள்ளே போனால் ராத்திரிக்குக் குளிர் காய்ச்சல் வரும்.

நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள்

இனி வைத்தியம். தென்னையில் சாறு வடிதல் நோய் வந்தால் நான் உங்களுக்கு என்ன சொல்கிறேன்? அழுகின பகுதியை நல்ல திசு தெரியும்வரை செதுக்கி எடுங்கள், அப்புறம் போர்டோ பசை தடவுங்கள் என்கிறேன். அழுகலின் மேலேயே பசையைத் தடவினால் மரம் பிழைக்குமா? தகட்டுக்கும் அதே கதைதான். இந்தப் பேச்சில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: பளிச்சென்று வெள்ளை இரும்பு தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும்.

பெரியவர் கிரைண்டரால் சாக்பீஸ் வட்டத்துக்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளியே வெட்டினார். ஓட்டை பெரிதாகிக்கொண்டே போவதைப் பார்த்து அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. "ஐயோ, இவ்வளவு வெட்டணுமா?" என்றார். "நான் வெட்டலீங்க, துரு வெட்டினது இது. நான் குப்பையைத்தான் அள்ளுறேன்" என்றார் பெரியவர். வெட்டின மூலைகளைச் சதுரமாக விடாமல் வளைவாக்கினார். கூர்மையான மூலையில் அதிர்ச்சி சேர்ந்து விரிசல் விடுமாம்.

பிறகு பழைய காலண்டர் அட்டையை ஓட்டையின் மேல் வைத்து அளவு வெட்டி, அந்த அட்டையைப் புதுத் தகட்டின் மேல் வைத்துக் கோடு கிழித்தார். தகட்டின் கனம் பழையது எவ்வளவோ அவ்வளவு இருக்க வேண்டும். கேபின் தரைக்குப் பெரும்பாலும் 18 அல்லது 16 கேஜ் தகடு, அதாவது சுமார் 1.2 அல்லது 1.6 மில்லிமீட்டர் கனம் போதும். மூட்டை ஏற்றும் தளத்துக்கு இதை விடக் கனமாக வேண்டும். எண்ணெய் டின் தகரம் எதற்கும் ஆகாது. பழைய தளத்தில் நெளிவு நெளிவாக மேடு பள்ளம் இருந்தால் புதுத் தகட்டிலும் அதே நெளிவைத் தட்டி எடுக்க வேண்டும். அந்த நெளிவுதான் மெல்லிய தகட்டுக்குப் பலம்.

மெல்லிய தகட்டில் சாதாரண வெல்டிங் வைத்தால் பொத்தல் விழும். சிஓடூ வெல்டிங் உள்ள பட்டறை கிடைத்தால் அதுவே மேல். இல்லாவிட்டால் 2.5 மில்லிமீட்டர் ராடு போட்டு, மின்சாரத்தைக் குறைத்து வைத்துச் செய்ய வேண்டும். பெரியவர் ஒரே மூச்சில் சுற்றி வைக்கவில்லை. நாலு மூலையிலும் எதிரெதிராகப் பொட்டு வைத்தார். பிறகு இந்தப் பக்கம் ஒரு அங்குலம், அந்தப் பக்கம் ஒரு அங்குலம், ஆறவிட்டு மறுபடி ஒரு அங்குலம். அவசரப்பட்டால் சூட்டில் தகடு அப்பளமாக நெளிந்துவிடும். கடைசியில் இடைவெளி இல்லாமல் சுற்றிலும் வெல்டு சேர்ந்திருக்க வேண்டும். நாலு பொட்டு வைத்து, இடுக்கில் பட்டி அடைத்து, மேலே பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் அது ஒட்டு இல்லை, ஏமாற்று. கூலி கொடுக்கும் முன்னால் பெயிண்ட் அடிக்காத வெல்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். "பெயிண்டுக்கு முன்னாடி எனக்குக் காட்டுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வெல்டிங் ஆறினதும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும். துத்தநாகம் கலந்த பிரைமர் கிடைத்தால் நல்லது. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும், ஜி.ஐ. வாளி நாள்பட உழைப்பது அதனால்தான். பிறகு இணைப்புகளில் அதற்கென்று உள்ள சீலர் பூசி, மேலே பெயிண்ட். மேல் பக்கம் மட்டும் அடித்துவிட்டு நிற்காதீர்கள். சக்கரம் வாரி அடிக்கிற சேறு படுவது அடிப்பக்கம்தான். அங்கேயும் பிரைமரும் அடித்தளப் பூச்சும் வேண்டும். தார் பூசுவதானாலும் சுத்தமான, காய்ந்த, பிரைமர் அடித்த இரும்பின் மேல் பூசலாம். துருவின் மேல் பூசக் கூடாது. தண்ணீர் வடிவதற்கென்று கம்பெனியே வைத்த துளைகள் இருக்கும், அவற்றை அடைத்துவிடாதீர்கள்.

சோதனைக்குப் போகும் நாள்

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சேசிஸில் கொத்தியிருக்கும் எண்ணைத் தேய்த்துவிடாதீர்கள். அதன் மேல் தாரோ கனமான பெயிண்டோ அடித்துவிடாதீர்கள். சோதனையின்போது அந்த எண்ணைப் பார்ப்பார்கள். பென்சிலால் அதைக் காகிதத்தில் எடுக்கச் சொல்வதும் உண்டு. எண் தெரியாவிட்டால் தளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதே போல, தளத்தை மாற்றுகிற சாக்கில் பாடியை உயர்த்துவது, நீட்டுவது கூடாது. இருந்தது இருந்தபடி சரிசெய்வது பழுதுபார்ப்பு. அளவை மாற்றுவதற்கு அனுமதி வேண்டும்.

வண்டியை அடியோடு கழுவிக்கொண்டு போங்கள். இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு, ஹாரன், வைப்பர், பிரேக், ஒளிரும் பட்டை இவற்றையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று சொல்கிறேன்: கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். சான்று முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். எண்ணெய் டின்னும் தாரும் பிறப்பதே கடைசி வார அவசரத்தில்தான்.

எங்கள் வண்டி சோதனைக்குப் போனபோது நானும் போயிருந்தேன். அதிகாரி விரிப்பை எடுக்கச் சொன்னார். முந்தின வருஷமாக இருந்தால் அண்ணனுக்கு வேர்த்திருக்கும். இந்தத் தடவை அவரே விரிப்பைச் சுருட்டி வைத்து, "இங்க இங்க வெட்டிப் புதுத் தகடு வச்சிருக்குங்க" என்று விரல் வைத்துக் காட்டினார். அதிகாரி காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். அடியில் குனிந்து வெல்டைப் பார்த்தார். அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்குச் சோதனை அரை நிமிஷம்.

இனி வராமல் காப்பது

செலவு ஆனது ஆனதுதான். அண்ணனுக்கு ஒரு பறிப்புத் தக்காளிக் காசு போயிற்று. பையனின் வைத்தியத்துக்கும் வீட்டில் உட்கார்ந்த நாட்களுக்கும் கொடுத்தது தனி. இது மறுபடி வராமல் இருக்க நாலு பழக்கம் போதும்.

உரம் ஏற்றும்போது தளத்தில் ஒரு தார்ப்பாய் விரியுங்கள். இறக்கினதும் முதலில் துடைப்பத்தால் காய்ந்த உரத்தைக் கூட்டி எடுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கூட்டாமல் கழுவினால் உரத்தைக் கரைத்து இடுக்கில் ஊற்றின மாதிரி ஆகிவிடும். மருந்தடித்ததும் ஸ்பிரேயரைக் கழுவுகிறோம் அல்லவா, அதே பழக்கம்தான். கழுவின பின் வண்டியைச் சரிவில் நிறுத்தித் தண்ணீரை வடியவிட்டு, விரிப்பைத் தூக்கிப் போட்டு வெயில் காட்டுங்கள். மாதம் ஒரு தடவை சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பெயிண்ட் உப்பின இடத்தை அன்றைக்கே சுரண்டிப் பிரைமர் தொட்டு வையுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் புரட்டாசியில் ஒரு தடவை அடியில் படுத்து முழுசாகப் பார்த்துவிடுங்கள். படுக்கும்போது முட்டுக் கொடுக்க மறக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. சரக்கு ஏற்றும் தளம் சரக்குக்குத்தான். தளம் கெட்டியாகிவிட்டது என்று களையெடுக்கும் பெண்களையும் பிள்ளைகளையும் அதில் ஏற்றி நிறுத்திக்கொண்டு போகாதீர்கள். அதற்கு எந்தச் சான்றும் கிடையாது.

அந்தப் பையன் இப்போதும் எங்கள் அண்ணனிடம்தான் வேலைக்கு வருகிறான். ஆனால் வண்டியில் ஏறும் முன் இன்றைக்கும் அவன் ஒரு காலால் தளத்தை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அவன் தட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல், நாம் தட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே, விவசாயப் பெருமக்களே, இந்தப் பேச்சு முடிந்ததும் ஒரு டார்ச் லைட்டையும் சின்னச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வண்டியண்டை போங்கள். விரிப்பைத் தூக்குங்கள். தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று சத்தம் வந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். 'சொத்'தென்றால் நாளைக் காலையிலேயே பட்டறைக்குப் போங்கள்.